பன்னாட்டுப் பள்ளியில் நம் பிள்ளைக்கும் நம் மொழிக்கும் இடம் உண்டா?

ஒரு பகுதியின் தொழில் வளத்தை அங்குள்ள ஆலைகளின் எண்ணிக்கையைக் கொண்டு அறிந்துவிடலாம். அவ்வளம் யாருக்குப் பயன்பட்டது என்பதை அறிய விரும்பினால், ஆலைகளைச் சுற்றியுள்ள பள்ளிகளைப் பார்த்தல் வேண்டும். காஞ்சிபுரம் மாவட்டத்தில் திருப்பெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை பரந்து கிடக்கும் தொழில்தடத்தை இந்நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஏரியும் வயலும் ஆலையான வரலாறு

முப்பது ஆண்டுகளுக்கு முன்னர், ஏரிப் பாசனத்தை நம்பி வாழ்ந்த சிற்றூர்களே இப்பகுதியில் மிகுதி. 1996ஆம் ஆண்டில் தென்கொரியாவின் ஹூண்டாய் நிறுவனம் இருங்காட்டுக்கோட்டையில் கால்கொண்டது. 1998இல் அங்கிருந்து கார்கள் வெளிவரத் தொடங்கின. 2006இல் பின்லாந்தின் நோக்கியா நிறுவனம் திருப்பெரும்புதூரில் கைப்பேசி உற்பத்தியைத் தொடங்கி, 2014இல் நிறுத்திக்கொண்டது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ-நிசான் கூட்டணியின் கார் ஆலையும், 2012இல் ஜெர்மனியின் டைம்லர் நிறுவனத்தின் லாரி ஆலையும் திறக்கப்பெற்றன. சிப்காட் நிறுவனம் அமைத்த தொழிற்பூங்காக்களே இவ்வளர்ச்சிக்கு அடித்தளம்.

ஆலைகளோடு கொரியர், ஜப்பானியர், ஜெர்மானியர் எனப் பல நாட்டுப் பொறியாளர்களும் மேலாளர்களும் குடும்பத்துடன் வந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் சென்னை மாநகரில் குடியிருந்து நாள்தோறும் ஆலைக்கு வந்து செல்கின்றனர். மூன்று அல்லது நான்கு ஆண்டுகளில் பணி முடிந்து வேறு நாட்டுக்குச் செல்வோர் அவர்கள். அவர்தம் குழந்தை இங்கே ஆறாம் வகுப்பையும் சியோலிலோ மியூனிக்கிலோ ஒன்பதாம் வகுப்பையும் தடையின்றிப் படித்தாக வேண்டும். எந்நாட்டிலும் தொடரத்தக்க பாடத்திட்டமுடைய பள்ளியை அப்பெற்றோர் நாடுவதில் குறை காண இயலாது.

பன்னாட்டுப் பள்ளி என்னும் எண்ணம்

இத்தேவையிலிருந்தே பன்னாட்டுப் பள்ளி பிறந்தது. 1924இல் ஜெனீவா நகரில், உலக நாடுகளின் சங்கத்திலும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பிலும் பணியாற்றியோரின் பிள்ளைகளுக்காக அத்தகைய பள்ளி ஒன்று தொடங்கப்பெற்றது. 1968இல் அதே நகரில் உருவான அமைப்பே, இன்று ஐ.பி. எனப் பெற்றோர் வழங்கும் பன்னாட்டுப் பட்டயப் படிப்பை நடத்துகிறது.

தமிழகத்திற்கும் இது புதிதன்று. பல்லவர் காலத்துக் காஞ்சியின் கடிகைக்குப் பிற பகுதிகளிலிருந்தும் மாணவர் வந்தனர் என்பதற்குக் கருநாடகத்துத் தாளகுண்டாக் கல்வெட்டே சான்று. ஏழாம் நூற்றாண்டில் இந்தியா வந்த சீனப் பயணி யுவான் சுவாங், நாலந்தாவின் தலைவராக விளங்கிய தருமபாலர் காஞ்சியில் பிறந்தவர் என்று குறித்துள்ளார்.

அண்மைக்கால எடுத்துக்காட்டு கொடைக்கானலில் இருக்கிறது. 1901இல் அமெரிக்கச் சமயத் தொண்டர்தம் பிள்ளைகளுக்காக அங்கே ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் அது பெரும்பாலும் அயல்நாட்டுப் பிள்ளைகளின் பள்ளியாகவே இருந்தது. 1970களில் அதன் நோக்கம் விரிந்தது. கொடைக்கானல் பன்னாட்டுப் பள்ளி என்னும் பெயரை ஏற்று, இந்தியப் பிள்ளைகளையும் மிகுதியாகச் சேர்த்துக்கொண்டது. இந்தியாவில் முதன்முதலாக ஐ.பி. படிப்பைக் கொண்டுவந்த பள்ளியும் அதுவே. நாட்டு மக்களுக்குக் கதவைத் திறந்த காலமும் உலகப் புகழ் பெற்ற காலமும் ஒன்றாக அமைந்தன என்பது நம் சிந்தனைக்குரியது.

முதற்கேள்வி: யார் அமர்வது?

பெயரளவில் பன்னாட்டுப் பள்ளிகள் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கும் திறந்தே உள்ளன. ஆயினும் ஆண்டுக் கட்டணம் இலட்சங்களில் இருக்கையில், அங்கே உள்ளூர்ப் பிள்ளை என்பது வசதி படைத்தோரின் பிள்ளையையே குறிக்கும். நிலத்தை விற்ற உழவரின் பேரனும், ஆலையில் முறைமாற்றுப் பணி பார்க்கும் தொழிலாளியின் மகளும் அச்சொல்லுக்குள் வருவதில்லை. கொரியப் பொறியாளரும் தமிழ்த் தொழிலாளியும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்யலாம். அவர்தம் குழந்தைகள் ஒரே கூரையின் கீழ்ப் படிக்கக்கூடாதா?

“அவர்களுக்கு அவர்கள் பள்ளி, நமக்கு நம் பள்ளி, இதில் தவறென்ன?” என்று சிலர் வினவலாம். சிங்கப்பூரில் அயல்நாட்டுப் பாடத்திட்டப் பள்ளிகளில் சேரக் குடிமக்கள் அரசின் இசைவைப் பெறவேண்டும் என்பது உண்மையே. ஆனால் அங்கே அரசின் பொதுப்பள்ளி தரத்தில் எவருக்கும் இளைத்ததன்று. ஆதலால் பிரிவு இழப்பாவதில்லை. அந்நிலையை நாம் எய்தும்வரை, பிரித்து வைப்பது பின்தங்க வைப்பதாகவே முடியும்.

திருப்பெரும்புதூர் இராமானுசர் பிறந்த ஊர். மறைவாகக் காக்கும்படி தமக்குச் சொல்லப்பட்ட மந்திரத்தைத் திருக்கோட்டியூரில் அனைவரும் கேட்க உரக்கச் சொன்னார் என்பது வைணவ மரபு போற்றும் செய்தி. அப்பெரியாரைத் தந்த மண்ணில், கல்வி சிலருக்கே உரிய பொருளாகிவிடுதல் பொருந்துமா?

இரண்டாம் கேள்வி: எம்மொழி ஒலிப்பது?

2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் தமிழைப் படிப்படியாகக் கட்டாயப் பாடமாக்கியது. 2014இல் பிறந்த அரசாணை மத்திய வாரியப் பள்ளிகளுக்கும் அதனை விரித்தது. ஆயினும் பன்னாட்டுப் பாடத்திட்டப் பள்ளிகளில் பிரெஞ்சும் ஸ்பானியமும் இந்தியும் முன்னிற்க, தமிழ் பின்வரிசைக்குப் போய்விடுகிறது. உலகத் தேர்வுகளுக்குத் தமிழ் ஏற்காது என்பது வெறும் சாக்கு. சிங்கப்பூரில் கேம்பிரிட்ஜோடு இணைந்து நடத்தப்பட்டு வந்த பொதுக் கல்விச் சான்றிதழ்த் தேர்வில் தமிழ் நெடுங்காலமாக இடம்பெற்று வந்திருக்கிறது.

இவ்விடத்தில் நம் சமுதாயத்தின் பட்டறிவு கைகொடுக்கும். கீழக்கரை, காயல்பட்டினம், கடையநல்லூர் போன்ற ஊர்களிலிருந்து கடல் கடந்து சென்ற நம்மவர், அந்நாடுகளில் அயல்நாட்டார் அல்லரோ? துபாயில் 1961 முதலும், ஜித்தாவில் 1969 முதலும் இந்தியப் பள்ளிகள் நம் பிள்ளைகளுக்குக் கல்வி அளித்துவருகின்றன. பிற மண்ணில் நம் குழந்தை தன் பாடத்திட்டத்தில் படிக்க விரும்பிய நாம், நம் மண்ணுக்கு வந்த கொரியக் குழந்தையின் அதே விருப்பத்தை மதிக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

அதனினும் பெரிய பாடம் ஒன்று உண்டு. 1946இல் சிங்கப்பூர் வாழ் கடையநல்லூர் முஸ்லிம்கள் சீறாப்புராணம் தந்த உமறுப் புலவரின் பெயரால் ஒரு தமிழ்ப் பள்ளியைத் தோற்றுவித்தனர். அப்பள்ளி 1982இல் மூடப்பட்டாலும், அவர் பெயரைத் தாங்கிய தமிழ்மொழி நிலையம் அங்கே தொடர்ந்து தமிழ் கற்பித்து வருகிறது. உழைத்துப் பிழைக்கச் சென்ற எளிய மக்கள் அயல்மண்ணில் தமிழுக்கு இடம் தேடித் தந்தனர். சொந்த மண்ணில் எழும் பள்ளிகளில் அவ்விடத்தை நாம் கேட்டுப் பெறாதிருப்பது எவ்வாறு?

செய்யத்தக்கன

முதலாவதாக, ஊர்ப் பிள்ளைகளுக்கு உதவித்தொகையுடன் கூடிய இடங்கள் வேண்டும். 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டப்படி, பெரிய நிறுவனங்கள் தம் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமுதாயப் பணிகளுக்குச் செலவிடல் வேண்டும். கல்வி அப்பணிகளுள் ஒன்று. அந்நிதியைக் கொண்டு, ஆலைகளைச் சுற்றியுள்ள ஊர்களின் பிள்ளைகளைப் படிக்க வைக்க இயலும்.

இரண்டாவதாக, அயல்நாட்டுக் குழந்தைகளுக்கும் எளிய பேச்சுத்தமிழ் வகுப்பு வேண்டும். மூன்று ஆண்டுகள் நம் மண்ணில் வாழ்ந்த குழந்தை, கடைக்காரரிடமும் பக்கத்து வீட்டுப் பாட்டியிடமும் தமிழில் நான்கு சொல் பேசக் கற்றுச் செல்லுமானால், அது நம் மொழிக்குக் கிடைத்த தூதுவனாகும். இதற்கு ஏற்ற ஆசிரியரை உருவாக்கும் பொறுப்பு நம் தமிழ்த்துறைகளுக்கு உரியது. இலக்கணத்தை அயலாருக்கு எளிமையாகக் கற்பிக்கும் முறையை நம் மாணவர் பயின்றால், அவர்களுக்கு வேலைவாய்ப்பும் பெருகும்.

மூன்றாவதாக, அண்மையிலுள்ள அரசுப் பள்ளிகளோடு ஆய்வகத்தையும் விளையாட்டுத் திடலையும் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு வேண்டும்.

சமுதாயப் பெரியோர்க்கும் ஒரு விண்ணப்பம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் 25 விழுக்காடு இடங்களை நலிந்த பிரிவினர்க்கு ஒதுக்கச் சொல்கிறது. 2014இல் உச்ச நீதிமன்றம் சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு அதிலிருந்து விலக்களித்தது. சட்டம் விலக்களித்தது என்பதற்காக மனச்சான்றும் விலக்களித்துவிடாது. ஒரகடத்தின் வழியே செல்லும் சாலையின் ஒரு முனையான வண்டலூரில் நம்மவர் பெரிய கல்வி நிலையங்களை உருவாக்கியுள்ளனர். நாளை தொழில்தடத்தில் நாமே ஒரு பன்னாட்டுப் பள்ளி தொடங்கினால், அங்கே எளியோர் பிள்ளைக்கு முதல் வரிசையில் இடமளித்துப் பிறருக்கு வழிகாட்ட வேண்டும்.

2024இல் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்கத்தக்க குடியிருப்பு திறக்கப்பட்டது. பாராட்டத்தக்க முயற்சி அது. அங்கே தங்கியிருக்கும் இளம்பெண்களுள் பலர் நாளை தாய்மார் ஆவர். அவர்தம் குழந்தைகள் எப்பள்ளிக்குச் செல்வர், அங்கே எம்மொழியில் தம் பெயரை எழுதக் கற்பர் என்பதை முடிவு செய்யும் காலம் இதுவே. ஆட்சியாளரும் ஆலை உரிமையாளரும் கல்வியாளரும் ஒருங்கே அமர்ந்து இதற்கு விடை காண்பார்களாக.