ஆண்டை வீட்டுக்குப் போன நட்டஈடு

நான்கு முறை பிரிட்டிஷ் பிரதமராக இருந்த வில்லியம் கிளாட்ஸ்டனைத் தாராளவாதத் தலைவர் என்றுதான் படித்தோம். அந்த வீட்டுச் சோறு எங்கிருந்து வந்தது என்று நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அப்பா ஜான் கிளாட்ஸ்டன், இன்றைய கயானாவின் டெமராராவில் கரும்புத் தோட்டங்களும் அடிமைகளும் வைத்திருந்தவர். 1823இல் அவருடைய ‘சக்சஸ்’ தோட்டத்தில்தான் கிளர்ச்சி வெடித்தது. அதற்குத் தலைமை தாங்கியவர்களில் ஒருவர் பெயர் ஜாக் கிளாட்ஸ்டன். ஆம், ஆண்டையின் பெயரையே சுமக்க வேண்டியிருந்தது! 1833இல் மகன் நாடாளுமன்றத்தில் பேசிய முதல் முக்கிய உரை, அப்பாவின் தோட்டத்துக்கு வக்காலத்து.

சட்டம் போட்டு அடிமைமுறையை ஒழித்தார்கள். நட்டஈடு யாருக்கு? சாட்டையடி பட்டவர்களுக்கு ஒரு பென்னிகூட இல்லை. 2,508 மனிதர்களை ‘இழந்த’ ஜான் கிளாட்ஸ்டனுக்கு 1,06,000 பவுண்டுக்கு மேல்! அதோடு விட்டாரா? கல்கத்தாவிலிருந்து கூலிகளை வரவழைத்தார். 1838இல் அப்படிப் போய் இறங்கியவர்களில் பலர் சோட்டா நாக்பூர் ஆதிவாசிகள்.

2023இல் வாரிசுகள் கயானாவுக்கே போய் மன்னிப்புக் கேட்டார்கள். அதை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. ஆனால் ஆய்வுக்கென அவர்கள் அறிவித்த தொகை 1,00,000 பவுண்டு. சுமார் 190 ஆண்டுகள் கழித்தும் அசலே முழுசாகத் திரும்பவில்லை. வட்டி எங்கே என்று கேட்கிறோம்.