பூட்டிய வீணை

"காசில்லாமல் கிடைப்பதை வைத்துக்கொண்டு என்ன பாடம் நடத்துவது? பையன்கள் நாளைக்குப் பிழைக்க வேண்டாமா?"

ஒலிப்பொறியியல் கற்பிக்கும் இடங்களில் கட்டற்ற மென்பொருளைப் பற்றிப் பேச்செடுத்தால் வருகிற முதல் கேள்வி இது. கேட்பவர்களின் கவலையை நான் பரிகசிக்கவில்லை. பெரிய ஒலிப்பதிவுக் கூடங்களில் 'புரோ டூல்ஸ் தெரியுமா?' என்றுதான் கேட்கிறார்கள். ஆனால் பிழைப்பின் பெயரால் நடப்பது படிப்புத்தானா?

வீணை கற்க வந்தவனுக்குச் சுருதி சேர்க்கச் சொல்லித் தராமல், இன்ன கடை வீணையில் பிருடை இன்ன இடத்தில் இருக்கும் என்று நெட்டுருப் போடவைப்பவரை உபாத்தியாயர் என்போமா, கடைச் சிப்பந்தி என்போமா? பொத்தான்களைப் படித்துவிட்டு வெளியே வருகிறான் பையன். அடுத்த பதிப்பில் பொத்தான் இடம் மாறுகிறது, படிப்பும் பாழ். சந்தாவில் ஓடும் கருவியானால், பணம் கட்ட முடியாத மாதத்தில் தான் பதிந்த பாட்டின் வேலையைத் தானே தொடர முடியாமல் நிற்கிறான். மாணவருக்குச் சலுகை விலை உண்டே என்கிறார்கள். அது தானமல்ல ஐயா, தூண்டில்!

ஆடாசிட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 1999-இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் சர்வகலாசாலையில் ரோஜர் டானன்பர்க் என்ற ஆசிரியரும் டொமினிக் மசோனி என்ற மாணவரும் தொடங்கியது அது. பதிந்த குரலைத் திரையில் பெரிதாக்கிக்கொண்டே போனால், அலைக்கோடு புள்ளி புள்ளியாகப் பிரிந்து நிற்கும். வினாடிக்கு 44,100 புள்ளிகள் என்று வைத்துப் பதிந்தால், 22,050 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலி அதில் அகப்படாது. இதைக் கண்ணால் பார்த்தவன் மறக்கமாட்டான்.

"புள்ளிகளை மற்றக் கருவிகளிலும் பார்க்கலாமே?" பார்க்கலாம். ஆனால் இரைச்சலை நீக்கும் பொத்தான் உள்ளே என்ன கணக்குப் போடுகிறது என்று ஒரு மாணவன் கேட்டால், அங்கே பதில் பூட்டுக்குள் இருக்கிறது. இங்கே நிரலைப் பிரித்து வைத்து, 'இதோ பார்!' என்று காட்டலாம். பால் டேவிஸ் தொடங்கிய ஆர்டோரில் பல தடங்களில் பதியலாம், கலக்கலாம். அதன் வேலைக் கோப்பைத் திறந்தால் எல்லாம் எழுத்தும் எண்ணுமாகப் படிக்கவே கிடைக்கும். அதைத் தயாராகத் தரவிறக்கப் பணம் கேட்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இலவசம் வேறு, கட்டற்றது வேறு.

கட்டற்றதற்கும் ஆபத்து வரும். 2021-இல் ஆடாசிட்டி ஒரு நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. பயன்படுத்துவோரின் தகவல்களைப் பற்றி அது வெளியிட்ட அறிவிப்புக்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. நிறுவனம் வருத்தம் தெரிவித்து அறிவிப்பைத் திருத்தியது. அதற்குள் சிலர் மூல நிரலை எடுத்துக்கொண்டு, டெனாசிட்டி என்று தனிக்குடித்தனம் தொடங்கிவிட்டார்கள். பூட்டிய பெட்டியில் இதற்கு வழியுண்டா?

சந்தைக் கருவியை ஒதுக்கச் சொல்லவில்லை. முதலில் திறந்த கருவியில் காதையும் அறிவையும் பழக்குங்கள். கடைசி மாதங்களில் மற்றதைக் காட்டுங்கள். ஒலியை அறிந்தவன் எந்தப் பொத்தானையும் கண்டுபிடித்துக்கொள்வான். பொத்தானை மட்டும் அறிந்தவன் கையில் இருப்பது பூட்டிய வீணை, சாவியோ கடைக்காரரிடம்.