வெளிச்சம் படிக்கப் போனேன்



சென்ற ஆண்டு பள்ளிப் படம் எடுக்கும் நாளன்று, நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி முகம் முழுக்கப் பவுடரை அப்பிக்கொண்டு வந்தாள். "ஏம்மா இவ்வளவு?" என்று கேட்டேன். "போன வருசப் படத்துல என் பல்லு மட்டுந்தான் தெரிஞ்சது சார்" என்றாள். பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் படத்தை எடுத்தவன் நான்தான்.

அடுத்த ஞாயிறு டவுனுக்கு பஸ் ஏறினேன். அங்கே ஒரு படக்கடை மாடியில் படம் பிடிப்பவர்கள் சிலர் கூடி விளக்கு அமைக்கப் பழகுகிறார்கள். கல்யாணப் படம் எடுக்கும் நம் தம்பிகள் இருவர், சீனப் பெரியவர் ஒருவர், மலாய் இளைஞர் ஒருவர். ஒருவர் நாற்காலியில் உட்கார, இன்னொருவர் விளக்கை நகர்த்த, மற்றவர்கள் குறை சொல்ல வேண்டும். இருபது ஆண்டுகள் பாடம் சொன்ன நான் அங்கே கடைசி மாணவன்.

என் பள்ளிப் படத்தைக் காட்டினேன். சீனப் பெரியவர் ஒரே பார்வையில், "சட்டை வெள்ளை, சுவரும் வெள்ளை" என்றார். கேமரா தானாக வெளிச்சத்தை அளக்கும்போது, எதிரே இருப்பது நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே கணக்கிடுமாம். வெள்ளை மிகுந்தால் வெளிச்சம் அதிகம் என்று எண்ணிக் குறைத்துவிடும். சட்டை மங்கும், முகமோ இருட்டில் மூழ்கும்.

பின்வரிசைப் பிள்ளைகள் ஏன் இன்னும் கறுத்தார்கள்? அதற்கும் கணக்கு உண்டு. விளக்கிலிருந்து தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் பாதியாவதில்லை, கால்வாசியாகிறது. முன்வரிசை 4 அடியிலும் பின்வரிசை 8 அடியிலும் இருந்தால், பின்னால் நிற்பவருக்குக் கால் பங்குதான். விளக்கை இன்னும் 8 அடி தள்ளி வைத்தால் 12 அடி, 16 அடி ஆகும். அப்போது பாதிக்கு மேல் கிடைக்கும். மாணவருக்குக் கணக்குச் சொல்லும் எனக்கு இது தோன்றவில்லையே!

பிறகு வெள்ளைக் குடை. விளக்கைக் குடைக்குள் அடித்துப் பக்கவாட்டிலிருந்து விட்டால், கறுத்த கன்னத்திலும் மூக்கிலும் மெல்லிய பளபளப்பு ஓடி, முகத்தின் வடிவம் எழுந்து நிற்கிறது. மறுபக்கம் ஒரு வெள்ளை அட்டை போதும், நிழல் இளகிவிடும்.

என் முறை வந்து நாற்காலியில் உட்கார்ந்தபோது கண் கூசியது, தோள் இறுகியது. பிள்ளைகளை "சிரி, சிரி" என்று நான் அதட்டியது நினைவுக்கு வந்தது. விளக்கு பிடித்தால் மட்டும் இது புரியாது.

இன்னொரு செய்தி. கலர் பிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம் நிறம் சரிபார்க்க ஆய்வகங்களுக்குக் கொடுத்த அட்டையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருக்கும். 'ஷெர்லி அட்டை' என்பார்கள். அவள் முகம் சரியாக வந்தால் போதும். பல நிறப் பெண்களைச் சேர்த்த அட்டை வந்தது 1990களில்தான். நம் முகத்தை யாரும் அளவுகோலாக வைக்கவில்லை. அதற்கு நாம் பவுடர் பூசிக்கொண்டோம்!

இந்த ஆண்டு சுவரில் சாம்பல் நிறத் துணி கட்டினேன். குடையும் விளக்கும் இரவல். அந்தப் பிள்ளையை முதலில் முகம் கழுவி வரச் சொன்னேன். படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "ஆயாவுக்கு ஒண்ணு வேணும் சார்" என்றாள்.

பெற்றோர்களே, உங்களிடம் விளக்கு இல்லாவிட்டால் என்ன? காலையில் வெயில் நேரே படாத வாசலில் பிள்ளையை வெளியே பார்த்து உட்கார வையுங்கள். நிழல் விழும் பக்கம் வெள்ளை வேட்டியை விரித்துப் பிடியுங்கள். கைப்பேசித் திரையில் பிள்ளையின் முகத்தைத் தொட்டு, பிறகு எடுங்கள். படம் கறுத்தால் பிள்ளையின் நிறத்தைக் குறை சொல்லாதீர்கள். எடுத்தவர் இன்னும் படிக்க வேண்டும், என்னைப் போல.