கல்லைக் காத்தால் போதுமா?

இங்கிலாந்தில் பாத் என்றொரு பழைய ஊர். ரோமானியர் கட்டிய வெந்நீர்க் குளமும் தேன் நிறக் கல் வீடுகளும் உள்ள ஊர். 1987-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

அங்கே ராயல் கிரசென்ட் என்ற பிறை வடிவ வரிசையில் 30 வீடுகள். 1767-இல் தொடங்கி 1774-இல் முடித்தார்கள். முகப்பை மட்டும் இளைய ஜான் வுட் ஒரே சீராக வகுத்தார். பின்பக்கத்தை வாங்கியவர்கள் அவரவர் வசதிக்குக் கட்டிக்கொண்டார்கள். ஊருக்கு அழகு, குடியிருப்பவருக்குச் சௌகரியம். நல்ல ஏற்பாடு!

இன்று அங்கே ஒரு ஜன்னலை மாற்றவும் அனுமதி வாங்க வேண்டும். கோப்புகளோடு காலம் தள்ளியவன் நான். விதியே கூடாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஜன்னல்மேல் காட்டும் அக்கறையில் பாதியாவது மனிதர்மேல் வேண்டாமா? பல வீடுகள் சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்குப் போகின்றன. அவ்வூரில் வேலை பார்க்கும் என் மகள், வாடகை கட்டுப்படியாகாமல் ட்ரோபிரிட்ஜிலிருந்து தினமும் ரயிலில் போய் வருகிறாள்.

நான் படித்த பிரெஞ்சில் பாரம்பரியச் சொத்துக்கு 'பத்ரிமுவான்' என்று பெயர். தகப்பன் விட்டுச்சென்றது என்பது அதன் வேர்ப்பொருள். தகப்பன் சொத்தில் பிள்ளைகள் குடியிருக்க வேண்டாமா? சுவரைக் காக்கச் சட்டம் இருக்கிறது. அந்தச் சுவருக்குள் உழைப்பவர் குடியிருக்கவும் ஒரு சட்டம் வேண்டும் என்பதே என் கருத்து.