பெயர் நீக்குமுன்

பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்த மாணவன் ஒருவன் ஆடி மாதத்தில் பள்ளிக்கு வருவதை நிறுத்தினான். நெடுநாள் வராமையால் வருகைப் பதிவேட்டிலிருந்து அவன் பெயரை நானே சிவப்பு மையால் நீக்கினேன். பொங்கல் கழிந்து சில நாள்களில், இருசக்கர ஊர்தி ஒன்றைத் திருடியதாக அவன் பிடிபட்ட செய்தி வந்தது. ஆசிரியர் அறையில் அன்று பேசப்பட்டதெல்லாம் அவனுக்கு என்ன தண்டனை கிடைக்கும் என்பதே. ஆடிக்கும் தைக்கும் இடையில் அவன் எங்கிருந்தான் என்று எவரும் கேட்கவில்லை; நானும் கேட்கவில்லை.

தண்டனை குறித்துச் சட்டம் தெளிவாகவே பேசுகிறது. சிறாருக்குத் தனிச்சட்டம் வேண்டும் என்னும் எண்ணம் இம்மண்ணுக்குப் புதிதன்று. 1920ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாணம் அத்தகைய சட்டத்தை இயற்றியது. இன்று நடைமுறையில் இருப்பது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். 18 வயது நிறையாதவரைக் காவல் நிலையத்தில் அடைக்கக் கூடாது. 24 மணி நேரத்திற்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். நடுவர் ஒருவரும் சமூகப் பணியாளர் இருவரும் கொண்டது அக்குழுமம். அறிவுரை கூறி அனுப்பலாம். சமூகப் பணி செய்விக்கலாம். நன்னடத்தை அலுவலரின் கண்காணிப்பில் விடலாம். சிறப்பு இல்லத்தில் வைப்பதாயினும் 3 ஆண்டுகளுக்கு மேற்படாது.

இது மிகையான கருணை என்பாரும் உளர். பொருளை இழந்தவரின் வலியை எண்ணிச் சொல்லப்படும் அச்சொல்லை நான் இகழேன். அக்குரலுக்குச் செவிசாய்த்தே இச்சட்டம் புதிய பிரிவொன்றைச் சேர்த்தது. 16 வயது நிறைந்த ஒருவர், குறைந்தது 7 ஆண்டுச் சிறைக்குரிய கொடுங்குற்றம் புரிந்ததாகக் கூறப்பட்டால், அவருடைய மனநிலையையும் சூழலையும் ஆராய்ந்தபின், வயதுவந்தோரைப் போல விசாரிக்குமாறு வழக்கைக் குழுமம் மாற்றலாம். இதைப் படிக்கும் உங்களுள் பலர் அவ்வயதினரே.

ஆயினும், தண்டனையைக் கூட்டுவதா குறைப்பதா என்னும் வழக்காடலிலேயே நாம் பொழுதைக் கழிக்கிறோம் என்பது என் கருத்து. காவல்துறையும் குழுமமும் ஒரு பிள்ளையைச் சந்திப்பது செயல் முடிந்த பின்புதான். அதற்கு முந்தைய ஆறு மாதங்கள் ஊரின் கையில் இருந்தவை. காலைப் பொழுதிலேயே அவன் தேநீர்க் கடைப் பலகையில் அமர்ந்திருந்ததைத் தெரு கண்டது. யாருடைய வண்டியிலோ சுற்றியதையும் கண்டது. கண்டதைச் சொல்வதற்குத்தான் ஓர் இடம் இல்லை.

இல்லை என்பதும் முழு உண்மையன்று. ஊராட்சித் தலைவரின் தலைமையில் ஊர்தோறும் குழந்தைகள் பாதுகாப்புக் குழு அமைய வேண்டும் என 2009ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த குழந்தைகள் பாதுகாப்புத் திட்டம் கூறியது. ஆசிரியர், அங்கன்வாடிப் பணியாளர், கிராமச் செவிலியர் ஆகியோருடன் சிறார் இருவரும் அதில் உறுப்பினர். சிறார் இருவர்! உங்கள் ஊரில் அவ்விருவர் யாரெனக் கேட்டுப் பாருங்கள்.

ஊராட்சியிடம் நான் வேண்டுவது பெரும்பொருள் செலவாகும் திட்டமன்று. பள்ளியில் ஒரு பெயர் நீக்கப்படுமுன் அச்செய்தி குழுவுக்குச் செல்ல வேண்டும். ஒரு வாரத்திற்குள் ஒருவர் அவ்வீட்டுப் படியேற வேண்டும். கடனா, தந்தையின் குடியா, புரியாத பாடமா என்று அறிய ஒரு மாலைப்பொழுது போதும். அதன்பின் தேவைப்படுவது தொழிற்பயிற்சி நிலையத்தில் ஓர் இடமாகவோ, மாலையில் விளக்கெரியும் திடலாகவோ இருக்கலாம். குடிநீரும் தெருவிளக்கும் பேசப்படும் கிராம சபையில், பள்ளி நீங்கிய பிள்ளைகளின் எண்ணிக்கையும் படிக்கப்பட வேண்டும். எண்ணிக்கை மட்டும், பெயர்கள் அல்ல. ஊர்க்கூட்டத்தில் திருடன் என்று பெயரெடுத்தவனுக்கு அவ்வூரில் வேறு பெயர் கிடைப்பது அரிது. வழக்கில் சிக்கிய சிறாரின் அடையாளத்தை வெளியிடக் கூடாது எனச் சட்டம் தடுத்திருப்பதும் இதனாலேயே.

அம்மாணவனைக் குழுமம் நன்னடத்தைக் கண்காணிப்பில் வீட்டுக்கு அனுப்பியது. அடுத்த ஆனியில் தாயுடன் பள்ளிக்கு வந்தான். சேர்த்துக்கொள்வதா என்று ஆசிரியர் கூட்டத்தில் நெடுநேரம் வாதிட்டோம், இறுதியில் சேர்த்தோம். வெளியே காத்திருந்த தாய் என்னிடம் கேட்டார்: “ஐயா, அவன் வராதபோதே ஓர் ஆளை அனுப்பியிருக்கக் கூடாதா?”

அவ்வாண்டு முதல், மூன்று நாள் தொடர்ந்து வராத மாணவரின் வீட்டுக்கு நானே செல்கிறேன். எங்கள் ஊரின் குழுதான் இன்னும் ஒருமுறையும் கூடவில்லை.