கோபுரத்தில் ஒரே ஆள்!

2018-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 12-ந் தேதி. நள்ளிரவு தாண்டி ஏறக்குறைய ஒன்றரை மணி. திருச்சி விமான நிலையத்தில் இருந்து துபாய்க்கு ஒரு விமானம் புறப்பட்டது. அதில் 130 பயணிகள் இருந்தார்கள். விமானிகள், சிப்பந்திகள் என்று மேலும் 6 பேர்.

விமானம் ஓடியது. எழும்பியது. ஆனால் போதுமான உயரத்துக்கு எழும்பவில்லை. ஓடுபாதைக்கு அப்பால், இறங்கும் விமானங்களுக்கு வழி காட்டும் ஆன்டெனா கம்பிகள் நிற்கின்றன. அவற்றில் மோதியது. நிலையத்தின் சுற்றுச்சுவரையும் இடித்தது. சுவரின் ஒரு பகுதி உடைந்து விழுந்தது.

விமானம் விழவில்லை. பறந்து போய்விட்டது!

விமானம் எதிலோ மோதியிருக்கலாம் என்று கட்டுப்பாட்டு அதிகாரிகளுக்குத் தோன்றியது. உடனே ரேடியோவில் விமானியிடம் சொன்னார்கள். கருவிகள் எல்லாம் சரியாக வேலை செய்கின்றன என்று விமானி பதில் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் முன்னால் இருந்த கருவிகள் அப்படித்தான் காட்டின. இதற்குள் சுவர் உடைந்து கிடப்பது தெரிந்துவிட்டது. முடிவில் விமானம் மும்பைக்குத் திருப்பப்பட்டது. விடியற்காலையில் அங்கே பத்திரமாக இறங்கியது. விமானத்தின் அடிவயிறு கிழிந்திருந்தது. ஒருவருக்கும் காயம் இல்லை.

மேலே இருந்தவருக்குத் தெரியாதது கீழே இருந்தவர்களுக்குத் தெரிந்தது. காரணம், அவர்கள் பார்த்துக் கொண்டிருந்தார்கள்.

கொடி பிடித்தவர்

விமான நிலையத்துக்குப் போனவர்கள், கண்ணாடி அறை ஒன்று உச்சியில் இருக்கும் கோபுரத்தைப் பார்த்திருப்பீர்கள். எந்த விமானம் முதலில் இறங்கலாம், எது ஓடுபாதைக்கு வரலாம், எது காத்திருக்க வேண்டும் என்று சொல்லுவது அங்கே இருப்பவர்களின் வேலை. ரோட்டில் போலீஸ்காரர் கை காட்டுகிறார் அல்லவா? அதே வேலைதான். ஆனால் ரோட்டில் கார் நின்று கொள்ளும். ஆகாயத்தில் விமானம் நிற்காது!

ஆரம்பத்தில் இந்த வேலைக்குக் கோபுரமும் இல்லை, ரேடியோவும் இல்லை. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரில், 1929-ம் ஆண்டில், ஆர்ச்சி லீக் என்பவர் இந்த வேலையைச் செய்தார். ஒரு தள்ளுவண்டியில் நாற்காலி, குடை, குடிக்கத் தண்ணீர், இரண்டு கொடிகள் ஆகியவற்றை வைத்துத் தள்ளிக் கொண்டு ஓடுபாதைக்குப் போவார். கட்டம் போட்ட கொடியைக் காட்டினால் "போகலாம்". சிவப்புக் கொடியைக் காட்டினால் "நில்". குளிர்காலத்தில் கனத்த உடையைப் போட்டுக் கொண்டு வெட்டவெளியில் நிற்பார்.

பிறகு ரேடியோ வந்தது. ராடார் வந்தது. ஆனாலும் சிறிய ஊர்களின் கோபுரங்களில் நெடுங்காலம் முக்கியமான கருவிகள் மூன்றே மூன்றுதான்: பைனாகுலர், பென்சில், காகிதச் சீட்டு. விமானம் ஒவ்வொன்றுக்கும் ஒரு நீளமான சீட்டு. அதன் பெயர், உயரம், வரும் நேரம் எல்லாம் அதில் எழுதியிருக்கும். சீட்டை ஒரு சட்டத்தில் செருகி மேசையில் வரிசையாக அடுக்குவார்கள். முதலில் இறங்கும் விமானத்தின் சீட்டு வரிசையின் நுனியில் இருக்கும். விமானம் இறங்கியதும் சீட்டை எடுத்துவிடுவார்கள். சீட்டு கையில் இருக்கிறவரை அந்த விமானம் அந்த அதிகாரியின் பொறுப்பு.

ரேடியோ கெட்டுப்போனால்? அதற்கும் வழி இருக்கிறது. துப்பாக்கி போன்ற ஒரு விளக்கைக் கையில் எடுத்து விமானத்தை நோக்கிப் பிடிப்பார்கள். பறக்கும் விமானத்துக்கு நிலையான பச்சை வெளிச்சம் காட்டினால், இறங்கலாம். நிலையான சிவப்பு காட்டினால், வேறு விமானத்துக்கு வழிவிட்டுச் சுற்றிக் கொண்டிரு என்று பொருள். இந்த விளக்கு இன்றும் கோபுரங்களில் இருக்கிறது.

பேச்சிலும் கவனம் வேண்டும். ஆங்கிலத்தில் ஐந்து என்பதும் ஒன்பது என்பதும் ரேடியோ இரைச்சலில் ஒன்றுபோல் கேட்கும். அதனால் ஒன்பதை "நைனர்" என்று நீட்டிச் சொல்லுவார்கள். சொன்னதை விமானி திருப்பிச் சொல்ல வேண்டும். தப்பாகத் திருப்பிச் சொன்னால் அதிகாரி அதைக் காதில் வாங்கித் திருத்த வேண்டும்.

இத்தனையும் செய்யக் கண், காது, வாய், கை எல்லாம் வேண்டும். எத்தனை பேருடைய கண், எத்தனை பேருடைய காது என்பதுதான் கேள்வி.

முதுகைத் திருப்பினார்

அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தில் லெக்சிங்டன் என்று ஒரு நகரம் உண்டு. அங்கே நடுத்தரமான ஒரு விமான நிலையம் இருக்கிறது. 2006-ம் ஆண்டு ஆகஸ்டு 27-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. காலை 6 மணி. இன்னும் விடியவில்லை. அட்லாண்டா நகருக்குப் போகும் விமானம் புறப்படத் தயாராக இருந்தது. 47 பயணிகள். சிப்பந்திகள் 3 பேர்.

அங்கே இரண்டு ஓடுபாதைகள். ஒன்று 7 ஆயிரம் அடி நீளம். மற்றொன்று 3,500 அடி. பெரியதில்தான் இந்த விமானம் ஓட வேண்டும். ஆனால் இரண்டு பாதைகளின் தொடக்கமும் அருகருகே இருந்தன. போதாததற்கு ஓடுபாதையைச் செப்பனிடும் வேலை நடந்ததால், போகும் வழியும் சில நாட்களுக்கு முன்புதான் மாற்றப்பட்டிருந்தது. விமானிகள் ஏமாந்துவிட்டார்கள். சின்னப் பாதையில் திரும்பினார்கள். அதில் விளக்கு எரியவில்லை. விளக்கு இல்லாததைத் துணை விமானி கவனித்து வாய்விட்டுச் சொல்லவும் செய்தார். ஆனாலும் விமானம் நிற்கவில்லை.

பாதை முடிந்தது. விமானம் எழும்பவில்லை. வேலியை உடைத்துக் கொண்டு போய் மரங்களில் மோதித் தீப்பிடித்தது. 49 பேர் இறந்தார்கள். துணை விமானி ஒருவர் மட்டும் பிழைத்தார்.

அப்போது கோபுரத்தில் இருந்தவர் ஒரே ஒருவர். புறப்படலாம் என்று அவர் அனுமதி கொடுத்தார். அனுமதி கொடுத்தது பெரிய பாதைக்குத்தான். அன்று காலை அதற்கு முன்பு இரண்டு விமானங்கள் சரியான பாதையில் புறப்பட்டுப் போயிருந்தன. இதுவும் அப்படியே போகும் என்று நினைத்தார். முதுகைத் திருப்பிக் கொண்டு, அதுவரை வந்துபோன விமானங்களின் எண்ணிக்கையைக் கணக்கெடுக்கத் தொடங்கினார். ஆமாம், கணக்கு! அதுவும் அவருடைய வேலைதான். கோபுரத்தில் பார்ப்பது, ராடார் பார்ப்பது, கணக்கு எழுதுவது எல்லாம் அவர் ஒருவரே செய்ய வேண்டும்.

இன்னொரு செய்தியும் விசாரணையில் வெளியாயிற்று. முந்திய நாள் பகல் முழுவதும் அவர் வேலை பார்த்திருந்தார். ஒன்பது மணி நேரம் இடைவெளி விட்டு இரவு மறுபடியும் வேலைக்கு வந்தார். அந்த இடைவெளியில் அவர் தூங்கியது இரண்டே மணி நேரம்.

இரவிலும் இரண்டு பேர் இருக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு 2005-ம் ஆண்டிலேயே வந்திருந்தது. லெக்சிங்டனில் அதை நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை.

விமானிகளின் தவறே விபத்துக்குக் காரணம் என்று விசாரணைக் குழு முடிவு சொன்னது. அது சரிதான். இன்னொரு ஆள் இருந்திருந்தால் விபத்து நடந்தே இருக்காது என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் இருட்டில் தவறான பாதையில் திரும்பும் விமானத்தைப் பார்க்கக்கூடிய இடம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அந்த இடத்தில் யாரும் பார்க்கவில்லை.

கணக்குப் பிள்ளையின் யோசனை

ஏன் ஒரே ஆளைப் போடுகிறார்கள்? கணக்குப் பிள்ளையின் பக்கத்தில் இருந்து யோசித்தால் புரியும். சின்ன ஊர் விமான நிலையம். இரவு முழுவதும் நாலைந்து விமானம். அதற்கு இரண்டு பேருக்குச் சம்பளமா என்று தோன்றத்தான் செய்யும். ஆயிரம் இரவுகள் ஒன்றும் நடக்காமல் போகும். ஒன்றும் நடக்காத இரவுகளைக் காட்டித்தான் ஆளைக் குறைப்பார்கள்.

தனியாக இருப்பவருக்குத் தூக்கம் வந்தால் என்ன ஆகும்? 2011-ம் ஆண்டு மார்ச் மாதத்தில், அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனிலேயே அது நடந்தது. நள்ளிரவில் இரண்டு பயணி விமானங்கள் கோபுரத்தைக் கூப்பிட்டுப் பார்த்தன. பதில் இல்லை. தனியாக இருந்த அதிகாரி தூங்கிவிட்டார். தொடர்ந்து நாலாவது இரவாக அவருக்கு வேலை! விமானங்கள் தாமாகவே இறங்கின. அடுத்த மாதம் ரினோ என்ற ஊரில், நோயாளியை ஏற்றி வந்த விமானத்துக்கும் இதே கதிதான். அதன் பிறகே 27 விமான நிலையங்களில் இரவில் இரண்டாவது ஆளைப் போடும்படி உத்தரவு வந்தது.

ஐரோப்பாவில் நடந்தது இதைவிடக் கொடுமை. 2002-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி இரவு. சுவிட்சர்லாந்தில் சுரிச் கட்டுப்பாட்டு நிலையத்தில் இரண்டு அதிகாரிகள். ஒருவர் ஓய்வெடுக்கப் போய்விட்டார். அங்கே அது வழக்கம். ராடாரில் பராமரிப்பு வேலை நடந்தது. டெலிபோனும் சரியாக இல்லை. பிரடெரிக்ஷாபென் என்ற சின்ன ஊருக்குத் தாமதமாக ஒரு விமானம் வந்தது. அதை இறக்கும் வேலையும் அதே அதிகாரி தலையில். அந்த ஊருக்கு டெலிபோன் கிடைக்காமல் அவர் திண்டாடிக் கொண்டிருந்த நேரத்தில், உயரே இரண்டு விமானங்கள் ஒன்றை ஒன்று நெருங்கின.

கவனித்ததும் ரஷிய விமானத்தை "இறங்கு" என்றார். அந்த விமானத்தில் இருந்த எச்சரிக்கைக் கருவியோ "ஏறு" என்றது. விமானிகள் அதிகாரியின் சொல்லைக் கேட்டார்கள். எதிரே வந்த சரக்கு விமானமும் தன் கருவி சொன்னபடி இறங்கிக் கொண்டிருந்தது. இரண்டும் மோதின. 71 பேர் பலியானார்கள். பெரும்பாலோர் பள்ளிக் குழந்தைகள். இரண்டு ஆண்டுகள் கழித்து, மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் பறிகொடுத்த ஒருவர், அந்த அதிகாரியை அவர் வீட்டு வாசலிலேயே குத்திக் கொன்றார். 2007-ம் ஆண்டில் நீதிமன்றம் நிர்வாகத்தைச் சேர்ந்த 4 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. ஒரே ஆளை உட்கார வைத்தவர்கள் யார் என்ற கேள்விக்குக் கிடைத்த பதில் அது. ஆனால் காலம் கடந்த பதில்.

ஆள் எங்கே?

ஆட்களைச் சேர்த்தால் போதாதா என்று கேட்கலாம். இது கடையில் ஆள் வைக்கிற வேலை அல்ல. ஒருவரைப் பழக்கி எடுக்க இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். எல்லோரும் தேறுவதும் இல்லை.

அமெரிக்காவின் கதை இதற்கு நல்ல உதாரணம். 1981-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அங்கே கட்டுப்பாட்டு அதிகாரிகள் வேலை நிறுத்தம் செய்தார்கள். 48 மணி நேரத்தில் திரும்பி வராவிட்டால் வேலை போகும் என்றார் ஜனாதிபதி ரீகன். வரவில்லை. 11 ஆயிரத்துக்கும் அதிகமானவர்களை ஒரேயடியாக நீக்கினார். அந்த இடங்களை நிரப்ப அடுத்த சில ஆண்டுகளில் இளைஞர்களைக் கூட்டம் கூட்டமாகச் சேர்த்தார்கள். அந்த வேலையில் 56 வயதில் ஓய்வு பெற வேண்டும். ஒன்றாகச் சேர்ந்தவர்கள் ஒன்றாகவே ஓய்வு பெறும் வயதை எட்டினார்கள். 1981-ல் விழுந்த பள்ளம் 25 ஆண்டுகள் கழித்து மறுபடியும் வாயைத் திறந்தது.

2025-ம் ஆண்டு ஜனவரி 29-ந் தேதி வாஷிங்டன் அருகே பயணி விமானமும் ராணுவ ஹெலிகாப்டரும் மோதி 67 பேர் இறந்தார்கள் அல்லவா? அன்று இரவும் ஹெலிகாப்டர்களைக் கவனிக்கும் வேலையும் விமானங்களைக் கவனிக்கும் வேலையும் ஒரே ஆளிடம் இருந்தன. அதே ஆண்டு அக்டோபரில் அரசாங்கத்தின் பணம் முடங்கியது. அதிகாரிகள் சம்பளம் இல்லாமல் வேலை பார்த்தார்கள். 6-ந் தேதி மாலை, கலிபோர்னியாவில் பர்பாங்க் விமான நிலையக் கோபுரத்தில் ஒருவருமே இல்லை! பல மணி நேரம் கோபுரம் காலியாக இருந்தது. தொலைவில் சான்டீகோவில் இருந்த நிலையம் விமானங்களைக் கவனித்தது.

கேமரா பார்க்கிறது

கோபுரமே வேண்டாம், கேமரா போதும் என்று இப்போது ஒரு புது யோசனை வளர்ந்து வருகிறது. சுவீடன் நாட்டில் 2015-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் இது தொடங்கியது. ஓர்ன்ஷோல்ட்ஸ்விக் என்ற சிறிய ஊரின் விமான நிலையத்தில் கம்பம் நட்டுக் கேமராக்களை வைத்தார்கள். அதிகாரிகளோ சுண்ட்ஸ்வால் என்ற வேறு ஊரில் உட்கார்ந்து, பெரிய திரைகளில் ஓடுபாதையைப் பார்த்து உத்தரவு கொடுத்தார்கள். உலகத்தில் அதுதான் முதல் முறை. 2021-ம் ஆண்டில் லண்டன் சிட்டி விமான நிலையமும் இந்த முறைக்கு மாறியது.

இதில் நன்மை உண்டு. கேமரா தூங்காது. இருட்டிலும் பார்க்கும் கேமரா இருக்கிறது. விமானத்தின் பெயரையும் உயரத்தையும் அதன் படத்துக்குப் பக்கத்திலேயே எழுதிக் காட்டும். பல ஊர்களின் அதிகாரிகள் ஒரே கட்டடத்தில் இருப்பதால், ஒருவர் காபி குடிக்கப் போனால் பக்கத்தில் இருப்பவர் பார்த்துக் கொள்ளலாம். தனியாக உட்கார்ந்து தூங்கும் நிலை குறையும். லெக்சிங்டன் அதிகாரிக்கு அப்படி ஒரு துணை கிடைத்திருந்தால் நல்லதுதான்.

ஆனால் கணக்குப் பிள்ளை இங்கேயும் வந்துவிடுவார். திரையில் ஒரு ஊரைப் பார்ப்பவர் இரண்டு ஊரைப் பார்த்தால் என்ன? மூன்று ஊரைப் பார்த்தால் என்ன? ஐரோப்பாவில் இதற்கான சோதனைகளும் நடந்திருக்கின்றன. ஒரே நேரத்தில் இரண்டு ஊர்களில் இரண்டு விமானங்கள் இறங்கும்போது, அந்த ஒருவர் எந்தத் திரையைப் பார்ப்பார்? பிரடெரிக்ஷாபென் விமானத்துக்காகச் சுரிச் அதிகாரி நாற்காலியை நகர்த்தி வேறு திரைக்குப் போன இரவில், அவருக்கு முன்னாலும் இரண்டு திரைகள் இருந்தன.