கைப்பக்குவமா, பாத்திரமா?

கேக் கருகினால் போதும், "உனக்குக் கைப்பக்குவம் வரல" என்று சொல்லிவிடுகிறார்கள். பாத்திரத்தை யாராவது பார்க்கிறார்களா?

மகள் பிறந்த நாளுக்காக 8 அங்குலத்தில் கறுப்பு நான்-ஸ்டிக் பாத்திரம் வாங்கினேன். அரை கிலோ கேக்குக்கான மாவை ஊற்றி ஓவனில் வைத்தால், தோசை மாதிரி தட்டையாக, அடி கருகி வந்தது. "பேசாம பேக்கரியில வாங்கியிருக்கலாம்ல" என்று பிள்ளைகள் முன்னாலேயே சொல்லிவிட்டார் என்னவர். வெண்ணெய், முட்டை போனதைவிட அதுதான் சுருக்கென்றது.

பக்கத்து வீட்டு அக்காதான் தன்னுடைய பழைய 6 அங்குல அலுமினிய டின்னைக் கொடுத்தார்கள். அதே மாவு, அதே ஓவன். பஞ்சு மாதிரி வந்தது!

விஷயம் இதுதான். கறுப்புப் பாத்திரம் சூட்டை அதிகம் இழுக்கும்; நடுப்பகுதி வேகும் முன்பே அடி சிவந்துவிடும். 6-க்கும் 8-க்கும் 2 அங்குலம்தானே வித்தியாசம் என்று நினைக்காதீர்கள். பரப்பு 28 சதுர அங்குலத்திலிருந்து 50 ஆகிவிடுகிறது. மாவு பரந்து போகாமல் என்ன செய்யும்?

நம் தூத்துக்குடி மக்ரூனைப் பாருங்கள். முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி. தட்டில் காகிதம் விரித்து, மெல்லிய சூட்டில் நிதானமாகச் சுடுகிறார்கள். பளபளப்பான பாத்திரமா கேட்கிறது அது?

சகோதரிகளே, வாங்குமுன் ஓவன் உட்புறத்தை டேப்பால் அளந்துகொள்ளுங்கள். சுற்றிலும் ஓர் அங்குலமாவது காற்றுப் போக இடம் வேண்டும். வெளிர் நிறத்தில், கனமான சாதா அலுமினியமே போதும்.

என் கறுப்புப் பாத்திரத்தில் இப்போது அப்பளக்கட்டு இருக்கிறது.

- ஒரு வாசகி, ஸ்ரீவைகுண்டம்